ஒரு காலருக்கு முப்பது மிதி

அந்தத் தையல் தொழிற்சாலையில் ஆட்களை அவரவர் தைக்கும் பாகத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கை தைப்பவள் கை, பாக்கெட் வைப்பவள் பாக்கெட். பதினேழு வருடமாகச் சட்டைகளுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தவர் காலர். வயது நாற்பத்து நான்கு. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். “ஊர்ல ஆம்பளைங்க காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரியறாங்கன்னா, அது நான் வச்சுக் குடுத்ததுதான் சிஸ்டர்” என்றார் என்னிடம் முதல் நாளே. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அதையும் படிவத்தில் குறித்துக்கொண்டேன். காதில் விழுவதையெல்லாம் எழுதி வைப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தை அப்போது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது காலர் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் படுத்திருக்கிறார். குடலில் ஒரு முழத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். பதினோரு மாதம் முன்னால் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். பதினோரு மாதம் முன்னால் அதைப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு என் கையில்தான் இருந்தது. அது எப்படிக் கைநழுவியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். இதை எழுதும்போது அந்தக் கோபம் முழுவதும் என் மேல்தான்.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் களப்பணியாளர். கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். உண்மையில் வீடு வீடாக, வேலையிடம் வேலையிடமாகப் போய்ப் பெண்களிடம் மலம் வாங்கி வருகிற வேலை. கரண்டி பொருத்திய மூடியுடன் ஒரு வெள்ளை டப்பா, அதை வைக்க ஐஸ் பெட்டி, ஒரு படிவம், கையில் கட்டிவிட அடிகளை எண்ணும் பட்டை. பட்டையை ஏழு நாள் கழற்றக் கூடாது. அந்த ஏழு நாளுக்குள் ஒரு நாள் டப்பாவை நிரப்பித் தர வேண்டும். அக்கம்பக்கத்தில் எனக்கு டப்பாக்காரி என்றே பெயர். என் கணவர் சாப்பிடும்போது என் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே இருக்கிறது.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு மேடம் எழுதிக் கொடுத்ததை நான் சொல்வேன். மேடம் என்றால் ஆய்வின் தலைவர். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. எல்லாம் கெட்டவை அல்ல, பல நமக்கு வேலை செய்பவை. நாம் செரிக்க முடியாமல் விட்டதை அவை தின்று, குடலின் உட்சுவருக்குத் தேவையானதைச் செய்து தருகின்றன. ஓடியாடி நடமாடும் பெண்களிடம் அப்படிப்பட்ட நல்ல கிருமிகள் சில கூடுதலாகவும், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் பெண்களிடம் குறைவாகவும் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. உறுதியாகச் சொல்ல இன்னும் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் டப்பாக்கள். கூடவே ஒரு சின்னச் சோதனையும் உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் போகும், பெரிய ஆஸ்பத்திரியில் உடனே பார்க்க ஏற்பாடு நடக்கும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இது சின்ன எழுத்தில் இருந்தது. காலர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவருடைய அக்கா குடல் நோயில் போனவர் என்று அப்போதுதான் சொன்னார்.

அந்தத் தொழிற்சாலையில் எங்களுக்கு நான்கு பெண்கள் கிடைத்தார்கள். இஸ்திரி போடுகிறவர், அட்டைப்பெட்டி அடுக்குகிறவர், தரை துடைப்பவர், காலர். முதல் மூவரும் நின்றபடியும் நடந்தபடியும் வேலை செய்பவர்கள். தையல் மிஷினில் உட்கார்பவர் காலர் ஒருவர்தான். நாற்பது பேர் கொண்ட வரிசைக்குக் கழிப்பறை டோக்கன் இரண்டே இரண்டு. அதை வாங்க மேற்பார்வையாளரிடம் போய் நிற்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலரின் மேசையில் இருந்த பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே மாலையில் வீடு திரும்பும். வயிறு எப்படி என்று கேட்டேன், அதுவும் படிவத்தில் ஒரு கேள்வி. நாலு நாளைக்கு ஒருமுறை வரம் கொடுக்கிற சாமி மாதிரி என்றார். இஸ்திரி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

பட்டை கட்டும்போதுதான் முதல் கோணல். மணிக்கட்டில் கட்டப் போனேன். மேற்பார்வையாளர் ஓடி வந்து தடுத்தார். அங்கே ஊசி ஒடிந்தால் அதன் கடைசித் துணுக்கு வரை தேடியெடுத்து அட்டையில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். துணியருகே உலோகம் எதுவும் வரக் கூடாது. கையில் வளையல் கூடாது, கடிகாரம் கூடாது. நான் விடவில்லை. கையில்தானே கூடாது, காலில் கட்டிக்கொள்ளட்டுமே என்றேன். அவரும் தலையாட்டினார். நான்கு பேருக்கும் வலது கணுக்காலில் கட்டிவிட்டேன். எனக்குக் கொலுசு போட்டுவிட்ட மகராசி என்று காலர் என் கன்னத்தைத் தொட்டார். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மேடத்திடம் சொன்னபோது அவரும் நல்ல யோசனை என்றார்.

டப்பா வந்து சேருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மற்ற மூவரும் இரண்டாம் நாளே கொடுத்துவிட்டார்கள். காலரின் டப்பா ஐந்தாம் நாளும் காலி. ஒவ்வொரு நாளும் நான் ஐஸ் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டிலில் அவருடைய மாமியார். எழுபத்து நான்கு வயது, இடுப்பு ஒடிந்து மூன்று வருடமாகக் கட்டிலும் நாற்காலியுமாக இருப்பவர். கணவர் சரக்கு வண்டி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில். ஐந்தாம் நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, காலர் தலையைச் சீவிக்கொண்டே சொன்னார்:

“வேணும்னா எங்க அத்தையோடதக் கொண்டு போங்க சிஸ்டர். அவங்களுக்குக் கடிகாரம் மாதிரி, டாண்ணு காலைல ஏழு மணிக்கு.”

கட்டிலில் இருந்த மாமியாரே சிரித்தார். இந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது என் வயிறு மட்டும்தான் என்றார். நானும் சிரித்தேன். தெருமுனைக்கு வந்ததும் படிவத்தை எடுத்துக் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: “மாமியாரின் மாதிரியைத் தருவதாகச் சொன்னார்.” விளையாட்டாகச் சொன்னார் என்று எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் இடம் கொஞ்சம்தான். ஆறாம் நாள் காலையில் டப்பா கிடைத்தது.

ஏழு நாள் முடிந்து பட்டையைக் கழற்றினேன். காலருடைய எண்ணிக்கையைப் பார்த்து எனக்கே மலைப்பு. வேலை நாளொன்றுக்கு இருபத்தோராயிரம் அடி. தரை துடைப்பவரே பதினான்காயிரம்தான். இவ்வளவு எப்படி என்று கேட்டேன். நாள் பூரா மிதிக்கிறேனே, கால் ஓய்கிறதே இல்லையே என்றார் பெருமையாக. தொழில் என்ற கட்டத்தில் நான் ஏற்கெனவே “மிஷின் வேலை” என்று எழுதியிருந்தேன். அதன் கீழே “கால் ஓய்வதில்லை” என்று சேர்த்தேன். தொழிற்சாலைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத மேடம் அதைப் படித்துவிட்டு, மிஷினுக்கு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை மனதில் வரைந்துகொண்டார். மிக அதிகமாக நடமாடுபவர்கள் பட்டியலில் காலர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் காலரின் படிவம். நல்ல கிருமிகள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தவை அந்த டப்பாவில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தன. வீட்டைவிட்டு நகராத பெண்களின் முடிவோடுதான் அது ஒத்துப்போனது. இருபத்தோராயிரம் அடி நடக்கிறவளின் வயிறு இப்படி இருக்குமா என்றார் மேடம். ஆளுக்கு ஆள் மாறும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு கடைக்காரப் பெண் தன் தங்கையின் மாதிரியைக் கொடுத்து மாட்டியிருந்தாள். சூடு பட்ட மனம் எல்லாவற்றிலும் அதையே தேடியது. பிறகு அவருடைய விரல் குறிப்புக் கட்டத்தில் வந்து நின்றது. என் கையெழுத்து. மாமியாரின் மாதிரியைத் தருவதாகச் சொன்னார்.

“போய் உண்மையை வாங்கிட்டு வாங்க” என்றார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நாள் என்னை நடையாய் நடக்க வைத்துவிட்டு, கடைசியில் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வேகமாகத் தொழிற்சாலைக்குப் போனேன். தேநீர் இடைவேளை பத்து நிமிடம். காலர் சுவரில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் நலம்கூட விசாரிக்கவில்லை. டப்பாவில் இருந்தது யாருடையது என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை, சிரித்தார். மறுபடி கேட்டேன். அது என்னோடது சிஸ்டர் என்றார். பட்டை பொய் சொல்லாது என்றேன் நான். உங்கள் மாமியார் கட்டிலை விட்டு இறங்குவதில்லை, அவர் வயிறுதான் இப்படி இருக்கும், நீங்களே தருவதாகச் சொன்னீர்கள், என்னிடம் எழுத்தில் இருக்கிறது என்றேன். சுற்றிலும் நின்ற பெண்கள் டம்ளரும் கையுமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணிடம் நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாத கேள்வியை நான் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. மணி அடித்தது. தாமதமாகப் போனால் வரிசை முழுக்கத் தேங்கும், திட்டு அவருக்கு விழும்.

“சரி, அத்தையோடதுன்னே எழுதிக்குங்க. ஆள விடுங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

நான் எழுதிக்கொண்டேன். காலரின் பெயர் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. எனக்குத் தெரியாத ஒன்று மேடத்தின் கோப்பில் இருந்தது. அந்த டப்பாவில் ரத்தம் இருந்தது. எவருடையது என்று தீர்மானமானதும் கடிதம் போயிற்று. மாமியார் பெயருக்கு.

கடிதம் போன மூன்றாம் நாள் காலர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அரை நாள் விடுப்பு. பதினேழு வருடத்தில் அவர் எடுத்த விடுப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று இஸ்திரி அக்கா பிறகு சொன்னார். வரவேற்பறை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கையில் கடிதம் நாலாக மடித்தபடி.

“இது என்னோடது சிஸ்டர். அன்னிக்கு மணியடிச்சுதுன்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன். எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அத்தைய இல்ல, என்னைப் பாக்கச் சொல்லுங்க.”

அவர் குரல் நடுங்கியது. அது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் சொன்னதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

“பெரிய ஆஸ்பத்திரில பாப்பாங்கன்னதும் உங்களோடதாயிடுச்சாக்கும்?”

காலர் என்னை ஒரு கணம் பார்த்தார். கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டால் என்ன என்று மேடத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அவ்வளவு நிச்சயம். அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன், ஆட்கள் எப்படியெல்லாம் மாறுகிறார்கள் என்று. அந்த ஒரு நாள் என் கணவரும் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்.

பரிசோதனை மாமியாருக்கு நடந்தது. முதல் நாள் முழுக்க வெறும் தண்ணீர் ஆகாரம். வயிற்றைச் சுத்தமாகக் கழுவும் மருந்தை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். இடுப்பு ஒடிந்த கிழவியை ஒரு பகல் முழுக்க இருபது தடவை தூக்கி உட்கார வைத்து, கழுவி, மாற்றி விட்டவர் காலர். ஒவ்வொரு டம்ளரையும் கெஞ்சிக் கொஞ்சிக் குடிக்க வைத்தாராம். மறுநாள் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். நான் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் காலர், மாமியாரின் செருப்பையும் பல்செட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து, ஒன்றுமே இல்லை, குடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். காலரின் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெஞ்சில் இருந்தவர் மட்டும் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு முடிந்துபோயிற்று. அதுதான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே என்றார் கணவர். அந்த ரத்தம் தன்னுடையது என்று காலர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். படித்தவர்கள் தப்பாகச் சொல்வார்களா என்று வீட்டிலேயே கேட்டார்கள். தெருமுனை டாக்டரிடம் போனார். உட்கார்ந்த வேலை என்றதும் அவர் பார்க்காமலே மூலம் என்றார், களிம்பு எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலை நர்ஸ் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். காலர் களிம்பையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார்.

பதினோரு மாதம் கழித்து, இரண்டாம் வருட ஆய்வுக்காக அதே தொழிற்சாலைக்குப் போனேன். காலரின் மிஷினில் வேறொரு பெண். இஸ்திரி அக்கா பெட்டியைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார். காலருக்கு வயிற்றில் கட்டி, அறுத்து எடுத்திருக்கிறார்கள், ஈரலுக்கும் போய்விட்டதாம் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். அந்தப் பக்கம் போய்ப் பட்டை கட்டிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

நேராக அங்கே போனேன். பிற்பகல், நோயாளிகளைப் பார்க்கும் நேரம். மாடி நடைபாதையில் காலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அறுத்த வயிற்றுக்கு நடப்பது நல்லது, தினம் நாலு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சட்டைக்குள் இடுப்போரத்தில், மலம் வந்து சேர ஒட்டிய பை உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வரச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மீதி தூரம் நடந்தார். கனமே இல்லை அந்தக் கையில்.

கட்டிலில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது. பிறகு போர்வையை விலக்கி வலது காலைக் காட்டினார். அவர் பேசப் பேச அந்தப் பாதம் கட்டிலின் கீழ்க்கம்பியை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா? நான் சும்மா இருந்தாலும் இது மிதிக்குது. படுத்துக் கெடந்தப்பதான் புரிஞ்சுது சிஸ்டர். கழுத்த வளைச்சு வைக்கறப்ப விட்டு விட்டுத்தான் மிதிக்கணும். ஒரு காலருக்கு முப்பது மிதி. நாளைக்கு அறுநூறு காலர். பெருக்கிப் பாருங்க.”

பெருக்கினேன். பதினெட்டாயிரம்.

“உங்க பட்டை நான் நடந்ததா எழுதிக்கிச்சு. நான் எங்க நடந்தேன்? பதினேழு வருசம் ஒரே முக்காலில உக்காந்திருந்தேன்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். அலுவலகத்தில் பழைய தாள்களைத் தேடி எடுத்தேன். ஏழு நாள், ஏழு வரிசை. ஆறு நாள் இருபத்தோராயிரம் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூவாயிரத்து நூறு. அது என் கண்ணெதிரே ஒரு வருடமாக இருந்த எண். விடுமுறை, ஓய்வெடுத்திருப்பார் என்று தாண்டிப் போயிருந்தேன். கணுக்காலில் கட்டியது நான். அவர் உட்கார்ந்து தைப்பதைப் பார்த்துவிட்டும் மிஷின் வேலை என்று மட்டும் எழுதியது நான். மிஷின் மிதிக்கிறது என்று நம் பெண்கள் எல்லோரும்தான் சொல்கிறார்கள், என் அம்மாவே சொல்வார். அந்தச் சொல்லைக் காதால் கேட்டு, கையால் எழுதி, அது என்னவென்று யோசிக்காமல் விட்டதும் நான்.

தாள்களை மேடத்தின் மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரத்தம் இருந்ததல்லவா, அந்த டப்பாவில் ரத்தம் இருந்ததல்லவா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து யார் யாரிடமோ பேசினார். அறிக்கையைத் திறந்து கருவியின் குறைபாடு பற்றி ஒரு வரி சேர்த்தார். ஆராய்ச்சிக்கூடத் தலைமைக்குக் கடிதம் எழுதுகிறேன், முழுவதும் எழுதுகிறேன் என்றார். எழுதினார், அதைப் பொய் சொல்ல மாட்டேன். காலரின் கிருமிக் கணக்கைச் சரியான பட்டியலில் சேர்த்தபோது, உட்கார்ந்தே இருக்கும் பெண்களின் வரிசையில் அது கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் ஆய்வுக்கு அது நல்ல சேதி. நான் எழுந்துபோய்க் கழிப்பறைக்குள் நின்று அழுதேன். அங்கே டோக்கன் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலரின் பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணைக் காட்டினேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அந்தச் சொல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவர் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். ஊர் ஆம்பிளைகளின் காலர் பற்றிச் சொன்னது இருந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை வரம் கொடுக்கிற சாமி இருந்தது. மாமியாரின் மாதிரி இருந்தது. கால் ஓய்வதில்லை இருந்தது. கடைசியில் சிவப்பு மையில், நீக்கப்பட்டார். தாளை மடியில் வைத்து, விரலால் தடவி நீவினார், துணியை மிஷினுக்குக் கொடுக்கும் முன் நீவுவது போல.

“நான் சிரிப்பா சொன்னதெல்லாம் எழுதியிருக்கீங்க. அது என்னோடதுன்னு சொன்னேனே, அதக் காணோமே.”

பேனாவை எடுத்தேன். தாள் நழுவாமல் அவர் பிடித்துக்கொண்டார். குறிப்புக் கட்டத்தில் இடம் இல்லை. ஓரத்தில், மேலிருந்து கீழாக எழுதினேன்: “அது என்னோடது என்று பங்கேற்பாளர் சொன்னார்.” தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், அவரிடம் திருப்பிக் காட்டினேன்.

அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். போர்வைக்குள் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

“ரெண்டு தடவன்னு போடுங்க சிஸ்டர்” என்றார். “தொழிற்சாலையில ஒண்ணு, உங்க ஆபீஸ்ல ஒண்ணு.”

இரண்டு முறை என்று மேலே சேர்த்து எழுதினேன்.